எரிஞ்ச போர்டைச் சரி பண்ணினது நான்தான்

உங்க பையன் ஸ்கூல்லயும் ரோபோ கிளாஸ் ஆரம்பிச்சுட்டாங்களா? நல்லது. நல்லா இருக்கட்டும். இல்லம்மா, எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. என் முகமே இப்படித்தான். பிள்ளைங்க முன்னாடி நின்னு நின்னு இப்படி ஆயிருச்சு. டீச்சரான்னு கேட்டீங்களே, ஆமா, சயின்ஸ் டீச்சர். செல்லக்கனி. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல இறங்கி கனி டீச்சர்னு கேட்டா, எந்த ஆட்டோக்காரரும் எங்க ஸ்கூல் வாசல்ல கொண்டு வந்து விட்டிருப்பாரு. அது அப்போ. இப்ப நான் அந்த ஸ்கூல்ல இல்ல. இந்த பஸ்ஸுலயே போயி, விளாத்திகுளத்துக்கு முன்னாடி ஒரு ஊர்ல இறங்கி, உள்ள நடந்து போகணும். எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள பள்ளிக்கூடம். அதே மேனேஜ்மெண்ட்தான். லேப்னு ஒரு ரூம் கிடையாது. ஒரு காந்தம், ஒரு உலக உருண்டை, அவ்வளவுதான்.

ஏன் மாத்தினாங்கன்னுதானே கேக்கப் போறீங்க? எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. ரோபோவாலதான். அதனாலதான் நீங்க அந்தப் பேரை எடுத்ததும் என் முகம் மாறியிருக்கும். தப்பா நினைக்காதீங்க. இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உக்காருங்க, வெயில் படுது.

ஒரு கம்பெனிக்காரங்க எங்க ஸ்கூலுக்குத் தானமா கொடுத்தாங்க. பொம்பளைப் பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்னு பார்த்துக் கொடுத்தாங்க. சின்னச் சின்ன வண்டி. ஒவ்வொண்ணுலயும் உள்ளங்கை அளவுக்கு ஒரு பச்சை போர்டு, ரெண்டு மோட்டார், முன்னாடி கண்ணு மாதிரி ஒரு சென்சார். தரையில கறுப்பு டேப் ஒட்டினா அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே ஓடும். பிள்ளைங்களுக்குத் தலைகால் புரியல. எனக்கும்தான். ஏன் மறைக்கணும்? லேப் என் பொறுப்பு. சாவி என் கையில. அந்த வருஷம் நல்லாத்தான் போச்சு.

அறிவியல் கண்காட்சி வந்துச்சு. எங்க ஹெச்.எம். ஜெபமணி அம்மா இருக்காங்களே, அவங்களுக்கு எது எடுத்தாலும் கடைசி நேரத்துலதான் ஞாபகம் வரும். பெரிய ஹாலை எட்டாம் கிளாஸ் பிள்ளைங்களோட கோலப் போட்டிக்குக் கொடுத்துட்டாங்க. என் வண்டி எங்க ஓடும்? நான் போயி அவங்க ரூம்ல நின்னு வாதாடிக்கிட்டிருக்கேன். லேப்ல ஒம்பதாம் கிளாஸ் பிள்ளைங்க இருந்துச்சு. வண்டியெல்லாம் சார்ஜ் போட்டு வைங்கன்னு சொல்லிட்டு வந்திருந்தேன். அவ்வளவு சின்ன வேலை.

திரும்பிப் போறேன், லேப் வாசல்லயே நாத்தம். பிளாஸ்டிக் தீயுற நாத்தம். பிள்ளைங்க எல்லாம் சுவரோட ஒட்டி நிக்குது. மாரீஸ்வரின்னு ஒருத்தி, அவ மட்டும் மேசைகிட்ட நின்னுக்கிட்டு பிளக்கைப் பிடுங்கிக் கையில வெச்சிருக்கா. பழைய லேப்டாப்போட சார்ஜர், அதுல வோல்ட் ஜாஸ்தி. வண்டிக்குன்னு இருக்கிற சார்ஜரை விட்டுட்டு அதைப் போட்டிருக்கா. எல்லா வண்டியையும் ஒரே ஒயர்ல சேர்த்து சார்ஜ் ஏத்துற மாதிரி அமைப்பு. ஒண்ணு ரெண்டு தவிர எல்லாம் போச்சு.

ரெண்டு சார்ஜரும் கறுப்பு, ரெண்டுக்கும் ஒரே மாதிரி முனைதான். அதுக்காக? பார்த்து எடுக்கணும்ல? பின்னாடி பொடி எழுத்துல எத்தனை வோல்ட்னு போட்டிருக்கு. லென்ஸ் வெச்சுப் பார்த்தா நல்லாவே தெரியும். எல்லா சார்ஜரையும் நான் ஒரே டிராயர்லதான் போட்டு வெச்சிருப்பேன். ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு டிராயர் யாரு தருவா?

ஜெபமணி அம்மா அந்தப் பிள்ளையோட வீட்டுக்கு ஆள் அனுப்பணும்னு நின்னாங்க. நான்தான் வேணாம்னேன். அதை நீங்க கவனிக்கணும். அவ பேரு எந்தப் பேப்பர்லயும் வராம காப்பாத்தினது நான். இன்னைக்கு என்னைப் பத்தி என்னென்னமோ பேசுறாங்க. இந்த விஷயத்தை ஒருத்தர்கூடச் சொல்ல மாட்டேங்குறாங்க.

அந்தக் கம்பெனியில இருந்து ஒரு பையன் வந்தான். கௌதம். கழுத்துல ஒரு அட்டையைத் தொங்கப் போட்டுக்கிட்டு. ஒரு போர்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான், ரெண்டு விரலால, செத்த எலியைத் தூக்குற மாதிரி. "மேடம், இதெல்லாம் ரிப்பேர் பண்ற சாமான் கிடையாது. போர்டு போச்சுன்னா போர்டை மாத்தணும். எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டு அடுத்த வருஷம் புதுசுக்கு எழுதிக் கேளுங்க"ன்னான்.

"திறந்து பார்த்தியா தம்பி?"ன்னேன்.

"திறக்கறதுக்கு உள்ள என்ன இருக்கு மேடம்?"

"என்ன இருக்குன்னு தெரியாமலா விக்கிறீங்க?"

சிரிச்சான். "மேடம், நீங்க பாடம் எடுங்க. இது உங்களுக்கு எதுக்கு?"ன்னான்.

அந்தச் சிரிப்பு இருக்கு பாருங்க. எனக்கு உள்ளங்கால்ல இருந்து ஏறுச்சு. அவன் போன பிறகு ஜெபமணி அம்மா அந்த போர்டையெல்லாம் ஒரு சாக்குல போட்டுக் காயலான் கடைக்கு அனுப்பச் சொன்னாங்க. நான் சாக்கை எடுத்துக்கிட்டு நேரா என் வீட்டுக்குப் போயிட்டேன். கேட்டதுக்கு, "குப்பைதானே, குப்பையை யாரு எடுத்தா உங்களுக்கென்ன"ன்னேன். அவங்க அதுக்கப்புறம் ரொம்ப நாள் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. நானும் பேசல.

அப்புறம் நான் பட்ட பாடு. ஈயத்தை உருக்கி ஒட்டுற சால்டரிங் அயர்னை எப்படிப் பிடிக்கணும்னுகூட எனக்குத் தெரியாதும்மா. காலேஜ்ல படிச்சதெல்லாம் கரும்பலகையோட சரி. பஜார்ல ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்காரன்கிட்ட போய்க் கேட்டேன். "விட்டுட்டுப் போங்கக்கா, பார்க்குறேன்"ன்னான். எப்படிப் பண்றதுன்னு காட்டுப்பான்னா, தொழில் ரகசியம்ங்கிறான். போடா நீயும் உன் ரகசியமும்னு வந்துட்டேன். மொபைல்ல வீடியோ பார்த்து, ஒவ்வொண்ணா, நானே.

முதல் போர்டைக் கெடுத்துட்டேன். சூட்டை ரொம்ப நேரம் வெச்சதுல, போர்டுல கரண்ட் ஓடுற செம்புக் கோடே உரிஞ்சு வந்திருச்சு. கையில கொப்புளம். விடல. லென்ஸை வெச்சு ஒவ்வொரு இடமா பார்த்தேன். மூக்கை வெச்சு மோந்து பார்த்தேன். சிரிக்காதீங்க, தீஞ்ச பொருள் இருக்கிற இடத்தை மூக்கு கண்டுபிடிச்சிரும். கரண்ட் உள்ள நுழையுற இடத்துல உளுந்து அளவுல ஒரு பொருள். ரெகுலேட்டர். வர்ற கரண்டைத் தணிச்சு உள்ள விடுறதுதான் அதோட சோலி. அது வெடிச்சிருந்துச்சு. அதைக் கழட்டிட்டு வேற ஒண்ணை வெச்சுப் பார்க்கிறேன், போர்டுல சிவப்பு லைட் எரியுது. அதுக்குப் பின்னாடி இருந்த சிப்பு, போர்டோட மூளை, அப்படியே உயிரோட இருக்கு. அந்தச் சின்னப் பொருள் தான் செத்து மத்ததைக் காப்பாத்தியிருக்கு.

அன்னைக்கு என் கண்ணுல தண்ணி வந்திருச்சு. ஈயப் புகை. கண்ணுல பட்டா எரியும்.

முக்கால்வாசி போர்டுக்கு அதே வியாதிதான். ஒவ்வொண்ணா சரி பண்ணினேன். ரெண்டு மூணுக்கு மூளையே போயிருந்துச்சு. அதுங்களோட உறுப்பைக் கழட்டி மத்ததுக்கு வெச்சேன். அரையாண்டு லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்ததும், சரியான வண்டியையெல்லாம் ஸ்டாஃப் ரூம் மேசை மேல வரிசையா நிக்க வெச்சு, ஓட விட்டேன். ஜெபமணி அம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி மாட்டிப் பார்த்தாங்க. "பரவால்லையே கனி"ன்னாங்க. பரவால்லையாம். நான் என்ன தோசை சுட்டா கொடுத்தேன்?

அந்த கௌதமுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். பார்த்துட்டான்னு ரெண்டு டிக் நீலமாச்சு. பதில் இல்ல. இன்னைக்கு வரைக்கும் இல்ல.

இப்ப நீங்களே சொல்லுங்க. இவ்வளவு பாடுபட்டு உயிர் கொடுத்ததை மறுபடி பிள்ளைங்க கையில கொடுக்க முடியுமா? கண்ணாடி பீரோ ஒண்ணு வாங்கி வைக்கச் சொல்லி, அதுல அடுக்கிப் பூட்டினேன். கிளாஸ் நடக்கும்போது நானே ஒண்ணை எடுப்பேன், நானே சார்ஜ் போடுவேன், நானே கோட்டுல விடுவேன். பிள்ளைங்க சுத்தி நின்னு கையைக் கட்டிக்கிட்டுப் பார்க்கும். தெளிவா விளக்குவேன். என் அளவுக்கு விளக்க ஆள் கிடையாது, அதை எவ்வளவு பெரிய எதிரியும் ஒத்துக்குவாங்க. பார்த்தா புரியாதா? ராக்கெட்டைப் பத்திப் படிக்கிறோம், எல்லாரும் ராக்கெட்டைத் தொட்டுப் பார்த்துட்டா படிக்கிறோம்?

மாரீஸ்வரியை மட்டும் லேப் பக்கம் வரக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அடிச்சேனா? இல்ல. திட்டினேனா? இல்ல. மத்த பிள்ளைங்க லேப்புக்கு வரும்போது அவ கிளாஸ்ல உக்காந்து படிக்கலாம். நல்லதுதானே? ஒவ்வொரு கிளாஸ்லயும் லேப் பாடம் ஆரம்பிக்கும்போது ஜாக்கிரதையா இருக்கணும்ங்கிறதுக்கு அந்தக் கதையைச் சொல்வேன். பேரு சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளைன்னுதான் சொல்வேன். ஊருக்கே தெரிஞ்சிருந்தா, எல்லாரும் அவளை அடுப்புன்னு கூப்பிட்டா, அதுக்கு நான் என்ன பண்றது? பட்டப்பேரு வைக்கிறது பிள்ளைங்க பழக்கம். எனக்கும் ஒண்ணு இருக்கு. என்னன்னு கேக்காதீங்க.

அவ சும்மா இருக்கல. ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நிப்பா. "டீச்சர், நான் ஒண்ணே ஒண்ணு சரி பண்ணிப் பார்க்கட்டுமா?"

"எதை?"

"மூளை போச்சுன்னு வெச்சிருக்கீங்களே, அதுல ஒண்ணு. அது எப்படியும் ஓடாதுதானே டீச்சர்."

"ஓடாததை நீ எதுக்குத் தொடணும்? போய்ப் படி."

போயிருவா. மறுவாரம் மறுபடி வருவா. இப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்ல. வேணாம்னு சொன்னா அர்த்தம் புரியாதா?

அப்புறம் அவங்க அம்மா வந்துச்சு. பேச்சியம்மாள். தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்க்குற பொம்பளை. வேலையில இருந்து நேரா வந்திருக்கு, கையில தீக்குச்சி மருந்துக் கறையோட. ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் இருக்காங்க. நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். உள்ள வரலாமான்னு ஒரு வார்த்தை கேக்கல.

"டீச்சர், என் பிள்ளை சாமானை எரிச்சிட்டாங்கறது வாஸ்தவம். எரிச்சதை அவளே உக்காந்து சரி பண்ணட்டும்னு நானே சொல்லி அனுப்பினேன். நீங்க விட மாட்டேங்கறீங்களாமே?"

"சரி பண்ணியாச்சும்மா. சரி பண்ண இன்னும் என்ன இருக்கு?"

"அவ சோறு சரியா திங்க மாட்டேங்குறா டீச்சர். வீட்ல சுவிட்சு போடக்கூட பயப்படுறா. என்னைக் கூப்பிடுறா."

"பயம் இருக்கிறது நல்லதுதான்"னேன். தப்பா? கரண்டுக்குப் பயப்படணும்ல?

அந்தப் பொம்பளை என் டிபன் பாக்ஸைப் பார்த்துச்சு. அப்புறம் சொல்லுது: "எங்க ஆபீஸ்ல ஒரு தீக்குச்சிக் கட்டு தீப்பிடிச்சாக்கூட, முதல்ல உக்கார வெச்சுத் தண்ணி கொடுத்து, என்னம்மா ஆச்சுன்னு கேட்பாங்க டீச்சர். நீங்க ஒவ்வொரு போர்டா உக்காந்து என்ன ஆச்சுன்னு பார்த்தீங்களாம். எம்புள்ளைகிட்ட ஒரு தடவை கேட்டீங்களா? அவ கேட்டாளாம், எந்த சார்ஜர் டீச்சர்னு. நீங்க போன் பேசிக்கிட்டே, எல்லாம் ஒண்ணுதான் போடுன்னு சொல்லிட்டுப் போனீங்களாம்."

ஸ்டாஃப் ரூம் மொத்தமும் என்னையே பார்க்குது. நான் அப்படிச் சொல்ற ஆளாம்மா? எனக்கு ஞாபகமே இல்ல. ஞாபகம் இல்லாத விஷயம் எப்படி நடந்திருக்கும்? தப்புப் பண்ணின பிள்ளை வீட்ல போயி ஏதாவது ஒரு கதை சொல்லத்தானே செய்யும். டிபன் பாக்ஸ் மூடியை மாட்டிட்டு எழுந்து கை கழுவப் போயிட்டேன். நான் வரும்போது அந்தப் பொம்பளை போயிருந்துச்சு.

அன்னைக்கு ஆரம்பிச்சதுதான். ஜெபமணி அம்மாவுக்கு அது போதும். சாக்கு விஷயத்துல இருந்து என் மேல ஒரு காய்ச்சல் இருந்துச்சுல்ல? அடுத்த வருஷம் ரோபோ கிளாஸைப் புதுசா வந்த பானு டீச்சருக்குக் கொடுத்துட்டாங்க. "உங்களுக்கு வேலை ஜாஸ்தி கனி, கொஞ்சம் ஓய்வு எடுங்க"ன்னாங்க. நான் ஓய்வு கேட்டேனா?

பானு சின்னப் பொண்ணு. நேத்துப் படிச்சு முடிச்சு வந்தவ. மரியாதையாத்தான் பேசுவா, அதுல குறை சொல்ல மாட்டேன். "டீச்சர், பீரோ சாவி வேணும்"னு வந்து நின்னா. கொடுத்தேன். மறுநாள் போய்ப் பார்க்கிறேன், டிராயர்ல இருந்த ஒவ்வொரு சார்ஜர்லயும் கலர் பேப்பர் ஒட்டி வெச்சிருக்கா. சிவப்பு ஒட்டினது இதுக்கு, பச்சை ஒட்டினது அதுக்குன்னு. எல்.கே.ஜி. பிள்ளைங்களுக்கு ஒட்டுற மாதிரி. யாரைக் குத்திக் காட்டுறதுக்கு அது? எனக்குப் புரியாதா?

பீரோவைத் திறந்து போட்டுட்டா. வண்டியெல்லாம் பிள்ளைங்க கையில. ஒரு சென்சார் ஆடுது, ஒரு சக்கரம் கழண்டு கிடக்குது. பிள்ளைங்களே ஸ்க்ரூ டிரைவரை வெச்சு முறுக்குது. அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். ஒருநாள் சாயந்திரம் லேப் வழியா போறேன், ஈய வாசம் வருது. எனக்கு அந்த வாசம் தூக்கத்துலயும் தெரியும். உள்ள எட்டிப் பார்த்தா, நாலஞ்சு பிள்ளைங்க ஒரு மேசையைச் சுத்தி. நடுவுல மாரீஸ்வரி. அப்போ அவ பத்தாம் கிளாஸ். கையில சால்டரிங் அயர்ன். முன்னாடி நான் சரி பண்ணின போர்டு. நான் வெச்ச ரெகுலேட்டரைக் கழட்டிக்கிட்டிருக்கா.

பானு எங்கன்னா, அந்த மூலையில வேற ஒரு கூட்டத்தோட. "அது ஓடல டீச்சர், ஒரு வாரமா லைட்டே எரியல, அதான் மாரி பார்க்குறா"ங்கிறா. மாரியாம். ஓடலன்னா என்கிட்ட கொண்டு வர வேண்டியதுதானே? அந்த ஸ்கூல்லதானே இருக்கேன்? செத்தா போயிட்டேன்?

கிட்டப் போய்ப் பார்க்கிறேன், போர்டுல செம்புக் கோடு லேசா தூக்கிக்கிட்டு நிக்குது. இன்னும் கொஞ்ச நேரம் வெச்சா உரிஞ்சிரும். நான் முதல் போர்டைக் கெடுத்தது வேற விஷயம். நான் கத்துக்கிறதுக்காகக் கெடுத்தேன். இவ?

"எடுட்டி கையை"ன்னேன். அவ நிமிர்ந்து பார்த்தா. எடுக்கல. "பாதிதான் கழண்டிருக்கு, இப்ப எடுத்தா கோணலா ஒட்டிரும் டீச்சர், ஒரு நிமிஷம்"னா. என்கிட்ட. எனக்குப் பாடம். நான் ஒயரைப் பிடிச்சு இழுத்தேன். அயர்னை இழுக்கல, ஒயரைத்தான். எல்லாரும் அயர்னைப் பிடுங்கினேன்னு சொல்றாங்க, அது பொய். ஒயரை இழுத்ததுல அயர்ன் அவ கையை விட்டுத் துள்ளி, முழங்கைக்குக் கீழ விழுந்துச்சு. விழுந்து அப்படியே ஒரு கணம் நின்னுச்சு. லேசாத்தான் பட்டுச்சு.

லேசான்னா, தையல் எல்லாம் இல்ல. ஆஸ்பத்திரியில மருந்து வெச்சுக் கட்டினாங்க. கொஞ்ச நாள் கட்டோட வந்தா.

ஒண்ணு சொல்லணும். அவ கத்தல. கத்தவே இல்ல. மத்த பிள்ளைங்கதான் கத்துச்சு. அவ அந்தக் கையை உதறினா, இன்னொரு கையால போர்டு கீழ விழாம பிடிச்சுக்கிட்டிருந்தா. அதை மேசையில வெச்சுட்டு, அப்புறம்தான் தன் கையைப் பார்த்தா.

தாளாளர் விசாரிச்சாரு. என்னைக் கூப்பிட்டாரு, பானுவைக் கூப்பிட்டாரு, அந்தப் பொம்பளை பேச்சியம்மாளையும் கூப்பிட்டாரு. மாரீஸ்வரியை நடுவுல நிக்க வெச்சு என்னம்மா நடந்துச்சுன்னு கேட்டாரு. அவ என்ன சொன்னா தெரியுமா? "டீச்சர் பிளக்கைப் பிடுங்கத்தான் வந்தாங்க சார். நான்தான் ஒயரை இழுத்துட்டேன். என் மேலதான் விழுந்துச்சு"ன்னா. அவ அம்மா அவளையே பார்க்குது. பானு ஏதோ சொல்ல வாயைத் திறந்தா, அவ திரும்பி பானுவைப் பார்த்தா, பானு மூடிக்கிட்டா.

பார்த்தீங்களா? அவளே ஒத்துக்கிட்டா. அவ வாயாலயே சொல்லிட்டா. அதுக்கப்புறமும் அந்த வருஷம் முடிஞ்சதும் என்னை இங்க தூக்கிப் போட்டாங்கன்னா அது நியாயமா? தப்பு யாருதுன்னு தெரிஞ்ச பிறகும்? தாளாளர் என்கிட்ட சொல்றாரு, "அந்தப் பிள்ளை சொன்னதுனாலதான் டீச்சர் உங்களுக்கு இந்த மட்டோட போச்சு"ன்னு. அதுக்கு என்ன அர்த்தம்? இன்னும் எனக்கு விளங்கல. நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்க்குறேன், பஸ்ல உக்காந்தா வேற என்ன சோலி.

இப்ப அங்க என்ன நடக்குது தெரியுமா? சுத்துப்பட்டுல எங்கெல்லாம் இந்த மாதிரி வண்டி கொடுத்திருக்காங்களோ, அந்த ஸ்கூல்ல இருந்தெல்லாம் கெட்டுப் போனதை அங்க அனுப்புறாங்களாம். யாருகிட்ட? பிள்ளைங்ககிட்ட. பானுவும் அந்தப் பிள்ளைங்களும் சனிக்கிழமை உக்காந்து சரி பண்ணி அனுப்புறாங்களாம். யாரும் தூக்கிப் போடுறது இல்லையாம். அந்த கௌதம் வந்து எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்துட்டுப் போனானாம். போர்டைத் தூக்கிப் போடாதேன்னு முதல்ல சொன்னது யாரு? சாக்கைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனது யாரு? என் பேரை ஒருத்தராவது எடுத்தாங்களான்னு கேட்டுப் பார்த்தேன். எடுக்கலையாம்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். இதே பஸ்ஸுக்குத்தான். "டீச்சர்"னு ஒரு குரல். திரும்பிப் பார்த்தா மாரீஸ்வரி. பதினொண்ணாம் கிளாஸ் யூனிஃபார்ம். வளர்ந்துட்டா, என்னை விட உயரம். நான் தெரியாத மாதிரி நிக்கலாம்னு பார்த்தேன். அவ ஸ்கூல் பையைத் திறந்து, துணியில சுத்தி வெச்சிருந்த ஒரு போர்டை எடுத்து நீட்டுறா. எங்களது இல்ல, வேற ஒரு ஸ்கூலோடது. அடையாளம் தெரியுது, அடியில அந்த ஸ்கூல் பேரு எழுதியிருக்கு.

"மூளை போனது டீச்சர். சிப்பையே மாத்தினேன். எல்லாக் காலும் நானே வெச்சேன்"னா.

சிப்பை மாத்துறதுன்னா சாதாரணம் இல்லம்மா. எறும்புக்கால் மாதிரி இருக்கும், சுத்தி நாலு பக்கமும். நான் அதை முயற்சி பண்ணிப் பார்த்துட்டு முடியாதுன்னு விட்டவ. வாங்கி, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். அவ போர்டை நீட்டின கையில, முழங்கைக்குக் கீழ, விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. நான் அதைப் பார்க்கல. போர்டைத்தான் பார்த்தேன். வரிசையா, நேரா, ஒவ்வொரு காலும் தனித்தனியா உக்காந்திருக்கு. ஒரே ஒரு மூலையில மட்டும் கொஞ்சம் உருண்டு நிக்குது.

"இங்க ஈயம் ஜாஸ்தி. இந்த ரெண்டு காலும் ஒட்டிக்கப் போகுது பாரு"ன்னேன்.

"ஆமா டீச்சர்"னா. வாங்கிக்கிட்டா. போகல. நின்னுக்கிட்டே இருந்தா. நானும் நின்னேன். பஸ் வந்துச்சு, ஏறிட்டேன். இந்தப் பக்கத்து ஜன்னல்தான். வெளிய பார்த்தா, அவ அந்தத் துணியை மடிச்சுக்கிட்டு அங்கேயே நிக்கிறா. பஸ் வளைஞ்சு வெளிய வர்ற வரைக்கும் நிக்கிறா.

எதுக்கு நின்னா அவ? காட்டினா, பார்த்தேன். குறை சொன்னேன், சொன்ன குறை சரியான குறைதான், யாருகிட்ட வேணும்னாலும் காட்டிக் கேக்கட்டும். அதுக்கு மேல என்ன எதிர்பார்க்குறா அந்தப் பிள்ளை?

நீங்க ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க? உங்களுக்குப் புரியுதுன்னா சொல்லுங்களேன்.

இல்ல, வேணாம். என் ஊர் வருது. கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க, இறங்கணும்.